மருந்துக் கடைக்காரர் டாக்டர் ஆகலாமா?

மும்பை தாராவியில் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் நம்மவர்களில் பலர் முதலில் போவது மருந்துக் கடைக்குத்தான். ஆஸ்பத்திரி வரிசையில் நின்றால் அன்றையக் கூலி போயிற்று. டாக்டரிடம் இந்தியிலோ மராத்தியிலோ விளக்கவும் வராது. அவர்களைக் குறை கூறிப் பயனில்லை.

ஆனால் சளி, ஜலதோஷத்துக்குக் கடையில் வாங்கும் ஆன்டிபயாடிக் வீண் செலவு. அவை வைரஸால் வருபவை. அம்மருந்து வைரஸைக் கொல்லாது. சாதாரண வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ். கரைசலும் ஜிங்க் மாத்திரையும் போதும். மலத்தில் ரத்தம் கண்டால் டாக்டரிடம் போக வேண்டும்.

நிமோனியாவுக்கு அமாக்சிசிலின் உயிர் காக்கும் மருந்து. அதையும் குழந்தையின் எடைக்கு ஏற்ப டாக்டரே அளந்து சொல்ல வேண்டும். அண்ணனுக்கு எழுதிய மருந்தில் மிஞ்சியதைத் தம்பிக்கு ஊற்றலாகாது. கண்டபடி கொடுத்தால் கிருமிகள் மருந்துக்குப் பழகிவிடும். ஆபத்து வேளையில் அதே மருந்து கைவிட்டுவிடும். பென்சிலினைக் கண்டுபிடித்த பிளெமிங் 1945-லேயே இதை எச்சரித்தார்.

இருமலோடு, 1 வயது முதல் 5 வயது வரையுள்ள குழந்தை நிமிஷத்துக்கு 40 தடவையும், 2 மாதத்துக்கு மேற்பட்ட கைக்குழந்தை 50 தடவையும், அதற்கு மேலும் மூச்சு விட்டால், கூலியைப் பாராமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். இரண்டு மாதம் நிரம்பாத சிசுவுக்குக் காய்ச்சல் கண்டாலே போதும், தாமதிக்கலாகாது.

அட்டையில் சிவப்புக் கோடு போட்ட மருந்தைச் சீட்டின்றி விற்பது சட்ட விரோதம். அதிகாரிகள் கண்காணிக்கட்டும். விழாவுக்கு வசூல் செய்யும் நம் சங்கங்கள், மொழி தெரிந்த இளைஞர் ஒருவரைத் தாய்மார்களுக்குத் துணையாக ஆஸ்பத்திரிக்கு அனுப்பக் கூடாதா?