வண்டி ஊளையிட்டால் பாட்டுச் சத்தத்தைக் கூட்டாதீர்கள்!

எங்கள் வீட்டில் எந்த மெஷின் மக்கர் செய்தாலும் முதலில் என் காதுக்குத்தான் தெரியும். மிக்ஸியின் அடியில் கப்ளர் தேய்ந்தது, தண்ணீர் ஏறாமல் மோட்டார் வெறுமனே ஓடியது, ஃபேன் பேரிங் போனது... எல்லாமே நான் சொல்லித்தான் மற்றவர்களுக்குத் தெரியும். ஆனால், வண்டி விஷயத்தில் மட்டும் என் பேச்சு எடுபடாது. “உனக்கு வண்டியைப் பத்தி என்ன தெரியும்?” என்று வீட்டுக்காரர் ஒரே வரியில் முடித்துவிடுவார். அந்த ஒரு வரி எங்களுக்கு எவ்வளவு செலவு வைத்தது என்பதுதான் இந்த வாரக் கதை.

எங்களுடையது ஏழு பேர் போகிற பழைய வண்டி. இன்ஜின் முன்னால் இருக்கும், ஓடுவது பின்சக்கரம். ஒருநாள் காலை போர்ட்டிகோவில், வண்டியின் பின்பக்கத்துக்கு நேர் கீழே, கறுப்பாக நாலைந்து சொட்டு எண்ணெய் கிடந்தது. பத்து வருடமாகப் பழகிய மெக்கானிக் தம்பி வந்து குனிந்து பார்த்தார். “டிஃபரன்ஷியல்ல ஆயில் சீல் போயிருச்சுக்கா. ஒரு மணி நேர வேலைதான்.”

சொன்னபடியே ஒரு மணி நேரத்தில் முடித்தார். 1,200 ரூபாய் வாங்கினார். ஒழுகலும் நின்றது. ஆனால், மறுநாள் ரிங் ரோட்டில் 40-ஐத் தாண்டியதும், பின்சீட்டுக்கு அடியிலிருந்து ‘ம்ம்ம்ம்’ என்று ஒரு ஊளை. வேகம் ஏற ஏற அதுவும் ஏறியது.

“என்னங்க, சத்தம் வருது.”

“டயர் சத்தம்.”

“நேத்து வரைக்கும் வரலையே?”

பதில் இல்லை. இளையராஜா பாட்டின் சத்தம்தான் இரண்டு புள்ளி கூடியது.

என் தொல்லை தாங்காமல் மெக்கானிக்கிடம் கொண்டுபோனார். அவர் வண்டியை ஓட்டிக்கூடப் பார்க்கவில்லை. “ஆயிலைக் கொஞ்சம் கனமாப் போட்டா அடங்கிரும்” என்று மாற்றிவிட்டார். அடங்கியதும் உண்மை; இரண்டு நாளைக்கு!

கோவில்பட்டியில் நின்ற பயணம்

அடுத்த வாரம் திருநெல்வேலியில் மகளுக்கு ஏழாம் மாத வளைகாப்பு. கலந்த சாதங்கள், வளையல், பூ, பழத் தட்டுகள் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் மதுரையிலிருந்து கிளம்பினோம். விழா முடிந்து மகளை அதே வண்டியில் எங்கள் வீட்டுக்கு அழைத்துவருவதாக ஏற்பாடு. விருதுநகர் தாண்டியதும் ஊளை மறுபடி ஆரம்பித்தது. சாத்தூரில் பாட்டையும் மீறிக் கேட்டது. கோவில்பட்டியில் டீக்கு நிறுத்தியபோது இறங்கிப் பின்னால் போனேன். பழைய எண்ணெய் கருகினால் வருமே ஒரு வாடை, அதோடு கந்தக நெடியும் கலந்து முகத்தில் அடித்தது.

“மெதுவா ஓட்டிக்கிட்டுப் போயிரலாம்” என்றார் அவர். எனக்கு ஒன்றே ஒன்றுதான் கண் முன் நின்றது: திரும்பி வரும்போது இந்தப் பின்சீட்டில் உட்காரப்போவது ஏழு மாதப் பிள்ளைத்தாய்ச்சி. “ஒரு அடி நகர மாட்டேன்” என்றேன். தட்டுகள் வாடகை வண்டிக்கு மாறின. எங்கள் வண்டி ரெக்கவரி வண்டியில் ஏறித் திருநெல்வேலி வந்தது. மகளும் வாடகைக் காரில்தான் மதுரை வந்தாள்.

யாரும் கேட்காத கேள்வி

சம்பந்தி காட்டிய பட்டறை பாளையங்கோட்டையில். அம்பாசடர் காலத்தில் தொழில் கற்ற பெரியவர் ஒருவர். அவர் வண்டியைத் தொடுவதற்கு முன்பு கேட்டது இதைத்தான்.

“சத்தம் எப்பம் வருது? மிதிக்கும்போதா, காலை எடுக்கும்போதா, திரும்பும்போதா?”

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் சொன்னேன். “மிதிச்சாலும் வருது, விட்டாலும் வருது. திரும்பும்போது மாறல. 40-ல ஆரம்பிச்சு வேகத்தோட ஏறுது.”

“அப்பம் பல்லு இல்லம்மா, பேரிங்கு. பினியன் நட்டை யாரும் கழட்டினாவளா?”

ஆயில் சீல் மாற்றியதைச் சொன்னோம். பெரியவர் தலையை ஆட்டினார். பிறகு கழற்றிப் போட்டு அவர் விளக்கியதை, எனக்குப் புரிந்த மாதிரியே உங்களுக்குச் சொல்கிறேன்.

பள்ளிக்கூட அணிவகுப்பில் வரிசை திரும்பும்போது கவனித்திருக்கிறீர்களா? உள்பக்கப் பையன் அநேகமாக நின்ற இடத்திலேயே கால் மாற்றுவான். வெளிப்பக்கப் பையன் பெரிய பெரிய எட்டு வைப்பான். வண்டி திரும்பும்போதும் வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும். இரண்டு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற வழி செய்வதுதான் டிஃபரன்ஷியல். இன்ஜினிலிருந்து நீளமான ஷாஃப்ட் வழியே வரும் சுழற்சியை, பினியன் என்ற சின்னப் பல்சக்கரம் வாங்கி, கிரவுன் என்ற பெரிய பல்சக்கரத்துக்குக் கொடுக்கிறது. எங்கள் மாதிரி வண்டியில் சக்கரம் ஒரு சுற்று சுற்றினால், பினியன் ஏறக்குறைய நான்கு சுற்று சுற்றும். அதனால் அதைத் தாங்குகிற பேரிங்கில் சின்னக் கோளாறு என்றாலும் ஊளை பெரிதாகக் கேட்கும்.

ஆயில் சீல் இருப்பது அந்தப் பினியனின் வாயில். சீலை மாற்ற நட்டைக் கழற்றியாக வேண்டும். சிக்கல் அங்கேதான். இரண்டு பினியன் பேரிங்குகளுக்கும் நடுவில் குழாய் மாதிரி ஒரு ஸ்பேசர் இருக்கிறது. நட்டை முறுக்க முறுக்க அது நசுங்கி, பேரிங் எவ்வளவு இறுக்கமாக உட்கார வேண்டும் என்பதை முடிவு செய்யும். நசுங்கிய தகர டப்பா பழையபடி நிமிராது இல்லையா? அதுபோல, ஒருமுறை கூடுதலாக நசுங்கிவிட்டால் நட்டைத் தளர்த்திப் பயனில்லை. புது ஸ்பேசர்தான் போட வேண்டும். எங்கள் தம்பி ஸ்பேனரில் பைப்பை மாட்டி, பலம் கொண்ட மட்டும் முறுக்கியிருக்கிறார். பேரிங் இறுகி, சூடேறி, நீலம் பாய்ந்திருந்தது.

“இன்னும் ஓட்டியிருந்தா?” என்று கேட்டேன்.

“ஜாம் ஆகியிருக்கும். பின்சக்கரம் ஓட்டத்துலயே பூட்டிக்கிடும்.”

வளைகாப்புப் புடவையில் பின்சீட்டில் மகள் உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்த்தேன். அதற்கு மேல் எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

பெரியவர் பினியன் பேரிங், ஸ்பேசர், சீல் மூன்றையும் புதிதாகப் போட்டார். பினியன் எவ்வளவு இறுக்கமாகச் சுற்றுகிறது என்று அளந்து அளந்துதான் நட்டை முறுக்கினார். கிரவுனுக்கும் பினியனுக்கும் நடுவில் இருக்க வேண்டிய ‘பிளே’யை டயல் கேஜ் வைத்துப் பார்த்தார். அது மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு சமாசாரம். கண்ணுக்கும் கைக்கும் பிடிபடாது. கடைசியாகப் பல்லில் நீல மையைத் தடவிச் சுற்றி, மை பல்லின் நடுவில் படிகிறதா, ஓரத்தில் படிகிறதா என்று பார்த்தார். நடுவில்தான் படிந்தது.

“பல்லு தப்பிச்சிட்டு. ஆனா, கொஞ்ச தூரம் சரியில்லாம ஓடிட்டதால 70-க்கு மேல மெல்லிசா ஒரு சத்தம் இருக்கும். அது கூடுனா மட்டும் வாங்க” என்றார். கிரவுன், பினியன் இரண்டும் ஜோடியாகவே சேர்த்துத் தேய்த்துச் செய்யப்படுபவை. ஒன்று போனாலும் இரண்டையும் மாற்ற வேண்டும் என்பதையும் அவர்தான் சொன்னார். ரெக்கவரி, வாடகைக் கார் எல்லாம் சேர்த்து 21,000 ரூபாய் ஆயிற்று.

நீங்கள் கவனிக்க வேண்டியவை

ரிப்பேருக்குப் பிறகு புதிதாக ஒரு சத்தம் வந்தால், பாட்டை நிறுத்துங்கள். காலியான ரோட்டில் யாரையாவது ஓட்டச் சொல்லி, நீங்கள் பின்னால் உட்கார்ந்து கேளுங்கள்.

* ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது மட்டும், அல்லது காலை எடுக்கும்போது மட்டும் ஊளை வந்தால், பெரும்பாலும் கிரவுன் - பினியன் பல் சேர்க்கை சரியில்லை.

* மிதித்தாலும் விட்டாலும் ஒரே மாதிரி வந்து, வேகத்தோடு ஏறினால் பேரிங்கைச் சந்தேகப்படலாம்.

* திரும்பும்போது மட்டும் வந்தால் டிஃபரன்ஷியலின் உள்ளே இருக்கும் சின்னக் கியர்கள், அல்லது சக்கரத்தின் பேரிங்.

* கிளம்பும்போதோ, ரிவர்ஸ் மாற்றும்போதோ ‘டக்’ என்றால் பிளே அதிகம். அல்லது ஷாஃப்ட்டின் கிராஸ் தேய்ந்திருக்கும்.

* தார் ரோட்டிலிருந்து சிமென்ட் ரோட்டுக்கு மாறும்போது சத்தமும் மாறினால், வீட்டுக்காரர் சொன்னது சரி: டயர்!

இன்றைய சின்னக் கார்கள் பலவற்றில் முன்சக்கரம்தான் ஓடும். அவற்றில் டிஃபரன்ஷியல் கியர்பாக்ஸோடு சேர்ந்தே இருப்பதால், சத்தம் முன்பக்கமிருந்து வரும்.

கனமான ஆயில் வைத்தியத்துக்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். அது இருமலுக்கு வாயைப் பொத்துவது மாதிரி. மேனுவலில் போட்டிருக்கிற ஆயில்தான் போட வேண்டும். வேலை கொடுக்கும்போதே, “புது ஸ்பேசர் போடுவீங்களா? டயல் கேஜ் இருக்கா? பழைய பாகங்களைத் திருப்பித் தருவீங்களா?” என்று கேளுங்கள். பில் வாங்குங்கள். முடிந்ததும் மெக்கானிக்கையும் ஏற்றிக்கொண்டு ஒரு ரவுண்டு போய் வாருங்கள்.

பையைத் திறந்தேன்

மதுரை வந்ததும் பழைய பேரிங்கையும் ஸ்பேசரையும் ஒரு துணிப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு தம்பியின் பட்டறைக்கு நானே போனேன். சண்டை போடவில்லை. பெஞ்சில் எடுத்து வைத்து, நடந்ததைச் சொன்னேன். முதலில், “பழைய வண்டிக்கா, அப்படித்தான் இருக்கும்” என்றார். பேரிங்கைக் கையில் எடுத்துச் சுற்றிப் பார்த்தவர், அப்புறம் ரொம்ப நேரம் பேசவில்லை.

“நான் பார்த்துப் படிச்ச இடத்துல எல்லாரும் பைப் போட்டுத்தான்க்கா முறுக்குவாங்க.”

1,200 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார். மீதிப் பணம் அவரிடம் இல்லை என்பது எனக்கும் தெரியும். அடுத்த இரண்டு சர்வீஸுக்குக் கூலி வேண்டாம் என்றார், ஒப்புக்கொண்டேன். போன மாதம் போனபோது சுவரில் புது டயல் கேஜ் தொங்கியது.

எல்லா இடத்திலும் இப்படி முடியாது. சரியாகச் செய்யாத ரிப்பேர், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவைக் குறைபாடு. முதலில் எழுத்தில் கேளுங்கள். அசையாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்கலாம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. பில்லும் பழைய பாகமும் கையில் இருந்தால்தான் பேச்சு நிற்கும்.

மூன்று மாதப் பேரனையும் மகளையும் புகுந்த வீட்டில் விட, போன வாரம் அதே வண்டியில் திருநெல்வேலி போனோம். விருதுநகர் தாண்டியதும் வீட்டுக்காரர் தானாகவே பாட்டை நிறுத்தினார்.

“ஏன், நல்ல பாட்டுதானே?”

“இரு, சத்தம் கூடியிருக்கான்னு கேட்டுச் சொல்லு” என்றார்.

கேட்டேன். 70-ல் அந்த மெல்லிய முனகல் மட்டும்தான். கூடவில்லை.