கையெழுத்துப் பதிவேடு இருக்கட்டும்



2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்னும் கணினிப் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய புதுப்பிப்பு ஒன்றில் பிழை இருந்தது. அதைப் பெற்ற விண்டோஸ் கணினிகள் நீலத்திரையோடு நின்றன; மறுபடி இயக்கியும் எழும்பவில்லை. மைக்ரோசாஃப்ட் கணக்கின்படி அவை ஏறக்குறைய 85 லட்சம். நம் நாட்டு விமான நிலையங்களில் பயணிகள் கையால் எழுதிய சீட்டோடு விமானம் ஏறினார்கள்.

நிறுவனம் 78 நிமிடங்களில் பிழையைத் திருத்தியது. ஆயினும் விழுந்த கணினிகளில் பெரும்பாலானவற்றின் அருகே ஒருவர் அமர்ந்து, பாதுகாப்பு முறையில் திறந்து, பிழையான கோப்பை அழிக்கவேண்டியிருந்தது. கேடு ஒருமிக்கப் பரவிற்று. சீரமைப்போ ஒவ்வொன்றாய் நடந்தது.

ஆகையால் புதுப்பிப்பே வேண்டாம் என்பாரோடு நான் உடன்படேன். ஒழுகும் கூரையைச் செப்பனிடத்தான் வேண்டும். முதலில் சிலவற்றில் இட்டுப் பார்க்காமல், எல்லாவற்றிற்கும் ஒரேயடியாய் அனுப்பியதே தவறு.

நெய்க்காரப்பட்டியிலும் ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகளைக் கணினிக்கு மாற்றலாம் என்கிறார்கள் நம் வாலிபர்கள். நன்று, மாற்றுவோம். ஆனால் புதுப்பிக்குமுன் ஒரு நகல் வேறிடத்தில் இருக்கட்டும். கணினி எழும்பாவிட்டால் பதறி யாவற்றையும் அழித்துவிடாதிருங்கள். உள்ளிருக்கும் கோப்புகள் பெரும்பாலும் பத்திரமாகவே இருக்கும். கையெழுத்துப் பதிவேட்டையும் நிறுத்தவேண்டாம்.

பிள்ளையின் ஞானஸ்நானச் சான்றுக்காக வந்து நிற்கும் தாயிடம், "கணினி எழும்பவில்லை, பிறகு வாருங்கள்" என்று சொல்லும் நாள் நமக்கு வரலாகாது.