தேரி மணலின் அகவை

திருச்செந்தூருக்கும் சாத்தான்குளத்துக்கும் இடைப்பட்ட நிலத்தில் குருதி தோய்ந்தாற்போற் சிவந்து கிடக்கும் மணல்மேடுகளைத் தேரி என்பர் அவ்வூரார். ஆங்கிலத்தில் எழுதும் நிலவியலாரும் அச்சொல்லையே எடுத்தாள்கின்றனர். அலை குவித்த மணலுக்கு எக்கர். காற்றேறிச் சிவந்த மேட்டுக்குத் தேரி. இரண்டையும் பிரித்தறிந்து பெயரிட்டவர்கள் கற்ற புலவர் மட்டுமல்லர், கடற்கரையில் வாழ்ந்த மக்களுமாவர்.

இம்மேடுகளின் அகவை என்ன? சாயர்புரம், மெய்ஞ்ஞானபுரம் தேரிகளில் கிடைத்த நுண்கற்கருவிகளைப் பற்றி 1956-இல் எழுதிய சாய்னரும் ஆல்ச்சினும் பழைய கடல்மட்டத்தை அளவுகோலாகக் கொண்டே காலத்தை உய்த்துணர்ந்தனர். மணலின் அகவையை மணலிடமே கேட்கும் வழி அன்று இல்லை. கரிமக் கணிப்போ உயிர்ப்பொருள் எச்சத்துக்கே உரியது. தேரியில் அது அரிது.

1985-இல் கனடா நாட்டு அறிஞர் மூவர் அவ்வழியைக் காட்டினர். வெயிலில் உருளும் மணி தன்னுள் தேங்கிய ஆற்றலை இழந்து வெறுமையாகிறது. மேல்மணல் மூடியபின், சூழவுள்ள யுரேனியம், தோரியம், பொட்டாசியம் ஆகியவற்றின் கதிர்வீச்சு அம்மணியுள் சிறுகச்சிறுகச் சேர்கிறது. இருட்டறையில் ஒளி பாய்ச்சினால் சேர்ந்தது ஒளிர்ந்து வெளிப்படும். அவ்வளவை ஆண்டுக்குச் சேரும் அளவால் வகுத்தால், மணி கடைசியாக வெயில் கண்ட காலம் தெரியும். குழாயை மேட்டுள் அடித்திறக்கி வெளிச்சம் படாமல் எடுப்பது இதனாலேயே.

பனியூழியின் உச்சத்தில் கடல் இன்றைய மட்டத்துக்கு ஏறத்தாழ 120 மீட்டர் கீழே இருந்தது. வெளிப்பட்ட கடலடி மணல் காற்றுக்கு இரையாயிற்று. தேரிகளில் எடுத்த ஒளிர்வுக் கணிப்புகள், பனியூழிக்குப் பின் தொடங்கிய குவிப்பு ஏறத்தாழ 5,000 ஆண்டுகளுக்கு முன் ஓய்ந்ததைக் காட்டுகின்றன. கடலிலிருந்து உள்ளேறியது என்பது மட்டும் முழுக்கதையன்று. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வரும் மேல்காற்று உள்நாட்டு மணலைக் கடல்நோக்கித் தள்ளும். எம்மேடு எப்போது எவ்வழி நகர்ந்தது என்பதை அடுக்கடுக்காய் அளந்தே அறிதல் வேண்டும்.

அடுக்கு குலையாதிருந்தாலன்றோ அளக்கலாம்! பொறி கொண்டு அள்ளிக் கொட்டிய மணல் அன்றே வெயில் கண்டுவிடும். பல்லாயிரம் ஆண்டுக் கணக்கு ஒரு பகலில் அழிந்து போகும். கொட்டியதை மீண்டும் மேடாக்கினாலும் அக்கணக்கு மீளாது. சாத்தான்குளம் வட்டாரத் தேரியில் தைட்டானியம் எடுக்கும் பெருந்திட்டம் 2007-இல் ஊரார் எதிர்ப்பால் நின்றது. அவர்கள் காத்தது பனையையும் நிலத்தடி நீரையும். உடன் காக்கப்பட்டது இந்தக் கணக்கு. இனி எத்தேரியிலும் பொறி இறங்குமுன், இருட்டில் எடுத்த மணற்குழாய்கள் ஆய்வறை சென்று சேர்ந்தனவா என்று ஆட்சியாளரிடம் கேட்கும் உரிமை ஊர்மன்றங்களுக்கு வேண்டும்.