பசிக்குத் தவணை சொல்லலாமா?

உலகத்தில் இன்று ஏறக்குறைய ஐந்து குழந்தைகளில் ஒரு குழந்தை கொடிய வறுமையில் வாழ்கிறது. 2024ஆம் ஆண்டுக் கணக்குப்படி இத்தகைய குழந்தைகளின் தொகை 41 கோடிக்கு மேல். உலக வங்கியும், ஐக்கிய நாடுகள் சபையின் குழந்தைகள் நிதியமான யூனிசெப்பும் சேர்ந்து எடுத்த கணக்கு இது.

கொடிய வறுமை என்றால் என்ன? ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 3 டாலர்கூட இல்லாத நிலை. 2025ஆம் ஆண்டில் உலக வங்கி போட்ட கோடு இது. இந்த 3 டாலரை நாணய மாற்று விலையால் பெருக்கிப் பார்க்கக் கூடாது. அமெரிக்காவில் 3 டாலருக்கு எவ்வளவு சாமான் கிடைக்குமோ, அவ்வளவு சாமானை அந்தந்த நாட்டில் வாங்க என்ன பணம் வேண்டுமோ, அதுதான் அளவு. சாப்பாடு, துணி, விறகு, வாடகை, வைத்தியம் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும்.

குழந்தைகளுக்கே அதிகப் பங்கு

உலக ஜனத்தொகையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் குழந்தைகள். ஆனால் கொடிய வறுமையில் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் குழந்தைகள். காரணம் தெரிந்ததே. ஏழைக் குடும்பங்களில் பிள்ளைகள் அதிகம். சம்பாதிக்கும் கைகள் குறைவு. ஒரு நாள் கூலி நின்றால் அடுப்பு எரியாது.

இந்தக் குழந்தைகளில் பெரும் பகுதியினர் சகாரா பாலைவனத்துக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்க நாடுகளில் இருக்கிறார்கள். மழை பொய்ப்பது, உள்நாட்டுச் சண்டை, கடன் சுமை ஆகிய மூன்றும் அங்கே ஒன்று சேர்ந்து வாட்டுகின்றன.

பெரியவர் பசி வேறு, பிள்ளை பசி வேறு

பட்டினி கிடந்து இளைத்த ஒரு பெரியவர், நல்ல சாப்பாடு கிடைத்தால் சில மாதங்களில் தேறிவிடுவார். குழந்தைக்கு அப்படி இல்லை. தாயின் வயிற்றில் இருக்கும் காலமும், பிறந்த பின் முதல் இரண்டு வருஷமும் மிக முக்கியமானவை. மூளையின் பெரும்பகுதி அப்போதுதான் வளர்கிறது. அந்தச் சமயத்தில் சத்து கிடைக்காவிட்டால் உயரம் குறைகிறது. படிப்பு ஏறுவது கடினமாகிறது. நாற்றங்காலில் வாடிய பயிருக்கு, நட்ட பிறகு எத்தனை உரம் போட்டால்தான் என்ன?

சோறு மட்டும் போதாது. அழுக்குத் தண்ணீரைக் குடித்து அடிக்கடி வயிற்றுப்போக்கு கண்டால், தின்ற சோறும் உடம்பில் ஒட்டாது. 2024ஆம் ஆண்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட சுமார் 15 கோடிக் குழந்தைகள், வயதுக்கு உரிய உயரம் இல்லாமல் வளர்ச்சி குன்றி இருந்தார்கள்.

நான்கு கிராமங்கள் காட்டிய உண்மை

"இரண்டு வயதில் கஞ்சி குடித்தால், முப்பது வயதில் அதன் பலன் தெரியுமா?" என்று கேட்கலாம். தெரியும் என்பதற்கு ஓர் அத்தாட்சி உண்டு.

மத்திய அமெரிக்காவில் குவாத்தமாலா என்று ஒரு நாடு இருக்கிறது. அங்கே நான்கு கிராமங்களில் 1969 முதல் 1977 வரை ஒரு சோதனை நடந்தது. இரண்டு கிராமங்களில் புரதச் சத்து மிகுந்த கஞ்சி தினமும் கொடுத்தார்கள். மற்ற இரண்டில், புரதம் இல்லாத இனிப்புப் பானம் கொடுத்தார்கள். வைத்திய வசதி நான்கிலும் ஒன்றே.

அந்தக் குழந்தைகள் வளர்ந்து பெரியவர்களான பிறகு, நிபுணர்கள் அவர்களைத் தேடிப் போய் விசாரித்தார்கள். முதல் இரண்டு வயதில் கஞ்சி கிடைத்த ஆண்கள், ஒரு மணி நேர வேலைக்கு மற்றவர்களைவிட 46 சதவிகிதம் அதிகக் கூலி வாங்கினார்கள். பெண்கள் ஒரு வருஷத்துக்கு மேல் கூடுதலாகப் படித்திருந்தார்கள். மூன்று வயதுக்குப் பிறகு கஞ்சி கிடைத்தவர்களுக்கு அந்தக் கூலி உயர்வு காணப்படவில்லை.

அதாவது, கஞ்சி ஒன்றே. கொடுத்த வயதுதான் வேறு.

வறுமை ஏன் வழிவழியாக வருகிறது என்பதும் இதிலிருந்து விளங்கும். சத்தில்லாமல் வளர்ந்த பெண் பலவீனமான தாய் ஆகிறாள். அவளுக்கு எடை குறைந்த பிள்ளை பிறக்கிறது. படிப்பு நின்ற பையன் குறைந்த கூலிக்குப் போகிறான். அவன் பிள்ளையும் பள்ளிக்கூடத்தை விட்டு வேலைக்குப் போக நேரிடுகிறது. 2024ஆம் ஆண்டில் உலகில் 13 கோடியே 80 லட்சம் பிள்ளைகள் இப்படி வேலை செய்துகொண்டிருந்தார்கள்.

தீராத நோய் அல்ல

"இது உலகம் உள்ளவரை இருக்கும்" என்று சொல்லிக் கைகழுவுவது சரியல்ல. 2000ஆம் ஆண்டில் உழைக்கும் சிறுவர் தொகை 24 கோடியே 60 லட்சமாக இருந்தது. ஐந்து வயதுக்குள் இறந்த குழந்தைகள் 1990இல் 1 கோடியே 20 லட்சத்துக்கு மேல். 2023இல் 48 லட்சம். தடுப்பூசியும், நல்ல தண்ணீரும், தாய்மார் கல்வியும் செய்த வேலை இது.

தென் அமெரிக்காவில் உள்ள பெரு நாட்டில் 2008ஆம் ஆண்டில் நூற்றுக்கு 28 குழந்தைகள் வளர்ச்சி குன்றி இருந்தார்கள். 2016இல் அது 13 ஆகக் குறைந்தது. ஏழைத் தாய்மார்களுக்கு அரசாங்கம் பணம் கொடுத்தது. குழந்தையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்டவேண்டும், பள்ளிக்கு அனுப்ப வேண்டும் என்பதே நிபந்தனை.

தமிழ்நாட்டுக்கும் இதில் அனுபவம் உண்டு. காமராஜர் முதல் மந்திரியாக இருந்தபோது 1956இல் பள்ளிகளில் மதிய உணவு வந்தது. எம்.ஜி.ஆர். 1982இல் அதைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கினார். 2022இல் காலை உணவும் சேர்ந்தது. பள்ளிக்கூடத்துக்கு வரும் முன்பே வயிறு காய்கிற சிசுவுக்காக, 1975இல் இந்திய அரசாங்கம் தொடங்கிய அங்கன்வாடித் திட்டம் இருக்கிறது. குவாத்தமாலா சொல்லும் பாடத்தைப் பார்த்தால், அங்கன்வாடியில் கொடுக்கும் சத்துமாவு பள்ளிச் சாப்பாட்டுக்கு இளைத்தது அல்ல.

இப்போது என்ன ஆபத்து?

பணக்கார நாடுகள் தரும் உதவி 2024ஆம் ஆண்டில் குறைந்தது. அமெரிக்காவின் வெளிநாட்டு உதவி நிறுவனம் 2025 ஜூலையில் மூடப்பட்டது. பிரிட்டன், தேச வருமானத்தில் நூற்றுக்கு அரைப் பங்காக இருந்த உதவியை, 2027க்குள் 0.3 ஆகக் குறைக்கப் போவதாக அறிவித்தது. ராணுவச் செலவு கூடுகிறது என்பது அது சொன்ன காரணம்.

"பிறர் கையை எதிர்பார்த்து எத்தனை காலம் வாழ்வது? அனுப்பும் பணத்தை இடையில் உள்ளவர்கள் தின்றுவிடுகிறார்களே" என்று கேட்பவர்களும் உண்டு. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஏழை நாடுகள் தங்கள் காலில் நிற்கத்தான் வேண்டும். ஆனால் 330 கோடி ஜனங்கள் வாழும் நாடுகளில், கல்விக்கோ சுகாதாரத்துக்கோ செலவிடுவதைவிடக் கடனுக்கு வட்டி கட்டும் பணம் அதிகம் என்று 2024இல் ஐ.நா. சபை அறிவித்தது. வட்டி கட்டியது போக மிச்சம் இருந்தால்தானே கஞ்சி காய்ச்சுவது?

பாலம் கட்டுவதை அடுத்த வருஷத்துக்குத் தள்ளி வைக்கலாம். பாலம் காத்திருக்கும். இன்று இரண்டு வயதான குழந்தைக்கு அடுத்த வருஷம் மூன்று வயது ஆகிவிடும். அப்போது கொடுக்கும் கஞ்சி பசியை ஆற்றும். இழந்த வளர்ச்சியை முழுவதும் திருப்பித் தராது. ஆகவே எந்த நாடானாலும், எந்தச் செலவை வெட்டலாம் என்று கணக்குப் போடும்போது, கர்ப்பிணிக்கும் கைக்குழந்தைக்கும் உரிய பங்கில் கை வைக்காமல் இருப்பதே புத்திசாலித்தனம்.