யார் வீட்டு ரத்தம்?



எங்கள் காஞ்சிபுரத்தில் கண்ணைப் பற்றிப் பேச்சு வந்தால் சுந்தரமூர்த்தி நாயனார் கதையும் கூடவே வந்துவிடும். சங்கிலியாருக்குச் செய்து கொடுத்த சத்தியத்தை மீறியதால் இரண்டு கண்ணும் போயிற்று. ஏகாம்பரநாதரிடம் அழுது முறையிட்டு இங்கே இடது கண்ணைப் பெற்றார். வலது கண் திருவாரூரில் கிடைத்தது. இந்தக் கதையைக் கேட்டே வளர்ந்ததாலோ என்னவோ, கண்ணில் ஒரு கோளாறு என்றால் "யார் செஞ்ச பாவமோ!" என்று தேடுவது நமக்கு வழக்கமாகிவிட்டது. அப்படித் தேடியதில் எங்கள் தெருவில் ஒரு குடும்பமே உடைய இருந்தது. அதைத்தான் இந்த முறை சொல்லப் போகிறேன்.

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ஒரு தறிக்காரர் குடும்பம். மருமகள் பக்கத்து ஊர்ப் பெண், பதவிசானவள். நாலு வயதில் ஒரு பையன், ஒன்றரை வயதில் ஒரு பெண் குழந்தை. அந்தக் குழந்தையைச் செல்போனில் போட்டோ எடுத்தபோது ஒரு கண் மட்டும் வெள்ளையாக மின்னியது. "அக்கா, இதைப் பாருங்களேன்" என்று என்னிடம் காட்டினாள். மாமியாரோ, "அது பூனைக்கண்ணு, அதிர்ஷ்டம்டி!" என்று சொல்லிவிட்டார். நானும் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆறவில்லை. ஒன்றரை மாதம் போய்விட்டது.

குழந்தைக்கு மாறுகண் மாதிரி தெரிய ஆரம்பித்த பிறகுதான் சென்னைக்கு ஓடினார்கள். விழித்திரையில் புற்றுநோய் என்றார்கள். ரெடினோபிளாஸ்டோமா என்று பெயராம். காரப்பேட்டையில் அண்ணா பெயரில் புற்றுநோய் ஆஸ்பத்திரி இருக்கிற ஊர் எங்களுடையது. புற்று என்ற வார்த்தை எங்களுக்குப் புதிதல்ல. ஆனால் பால்குடி மறக்காத குழந்தைக்கு, அதுவும் கண்ணிலா! கட்டி பெரிதாகிவிட்டதால் உயிரைக் காக்க அந்தக் கண்ணையே எடுக்க வேண்டியதாயிற்று.

குழந்தை வீடு திரும்பியது. அதன் பின்னாலேயே சண்டையும் வந்தது. "எங்க வம்சத்துல யாருக்கும் இப்படி கெடையாது. உங்க வீட்டு ரத்தம்தான்!" என்றார் மாமியார். பெண்ணின் அம்மாவும் சும்மா இருக்கவில்லை. அந்தப் பெண் பெட்டியைக் கட்டிக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் புறப்பட்டுவிட்டாள். "ரெண்டு நாள் பொறுத்துக்கோம்மா" என்று கையைப் பிடித்து நிறுத்தினேன். கல்லூரியில் உயிரியல் சொல்லிக் கொடுக்கும் என் அக்கா மகளை வரவழைத்தேன்.

அவள் நேராகத் தறி மேடைக்குப் போனாள். "பெரியம்மா, பட்டை ஏன் ரெண்டு இழையாச் சேர்த்து முறுக்கறீங்க?" என்று கேட்டாள். "ஒண்ணு அறுந்தாலும் இன்னொண்ணு தாங்குமில்ல?" என்றார் மாமியார். "அதேதான் உடம்பும்!" என்று ஆரம்பித்தாள்.

கண்ணில் உள்ள செல்கள் கண்டபடி பெருகாமல் கட்டுப்படுத்த ஒரு ஜீன் இருக்கிறது. அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று ஒவ்வொரு செல்லிலும் இரண்டு. ஒன்று கெட்டாலும் மற்றது தாங்கும். ஒரே செல்லில் இரண்டும் கெட்டால்தான் அங்கே புற்று தொடங்குகிறது.

இதை முதலில் கணித்தவர் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் ஆல்ஃபிரட் நுட்சன். 1922-ல் பிறந்தவர். 48 குழந்தைகளின் பழைய மருத்துவக் குறிப்புகளை எடுத்துவைத்து, யாருக்கு எந்த வயதில், ஒரு கண்ணிலா இரண்டு கண்ணிலா என்று கணக்குப் போட்டார். இரண்டு கண்ணிலும் வந்த குழந்தைகளுக்கு நோய் சீக்கிரமே வந்திருந்தது. காரணம், அவர்களுக்குப் பிறக்கும்போதே எல்லாச் செல்களிலும் ஓர் இழை அறுந்திருக்கிறது. பாவு முழுக்க ஓரிழை அறுந்திருந்தால் எந்த இடத்திலும் ஓட்டை விழலாம் அல்லவா? மற்றக் குழந்தைகளுக்கு ஒரே செல்லில் இரண்டு இழையும் தற்செயலாக அறுபட வேண்டும். அதனால்தான் தாமதமாக, ஒரே கண்ணில் வருகிறது. இதை அவர் 1971-ல் வெளியிட்டார். அப்போது அந்த ஜீனை யாரும் கண்ணால் கண்டதில்லை. 2016-ல் அவர் மறைந்தார்.

அந்த ஜீன் கையில் கிடைத்தது 1986-ல். பாஸ்டன் நகரக் கண் மருத்துவர் தாடியஸ் டிரைஜாவும், ஸ்டீபன் ஃப்ரெண்ட், ராபர்ட் வைன்பர்க் என்ற விஞ்ஞானிகளும் சேர்ந்து அதைப் பிரித்தெடுத்தார்கள். புற்றைத் தடுக்கும் ஜீன் ஒன்று உலகில் முதன்முதலாகப் பிடிபட்டது அப்போதுதான். குழந்தைகளின் கண்ணில் கிடைத்த அந்தப் பாடம், பெரியவர்களுக்கு வரும் பலவகைப் புற்றுநோய்களைப் புரிந்துகொள்ளவும் உதவியது. டிரைஜா அத்தோடு நிற்கவில்லை. இரவில் பார்வை மங்கி, போகப் போகப் பக்கப் பார்வையும் சுருங்கும் பரம்பரை விழித்திரை நோய் ஒன்று உண்டு. கீரையும் காரட்டும் சாப்பிட்டுச் சரியாகும் மாலைக்கண் அல்ல அது. அதன் ஒரு வகைக்குக் காரணமான ஜீன் கோளாறை 1990-ல் அவர் குழு கண்டுபிடித்தது.

"எல்லாம் வெளிநாட்டுக்காரங்கதானா?" என்றேன் நான். "ஏன் சித்தி, நம்ம நாட்டிலேயே ஒரு பெண் விஞ்ஞானி இருக்காங்களே!" என்றாள். ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவ நிலையத்தின் ஆராய்ச்சிக்கூடத்தில் பணியாற்றிய டாக்டர் சித்ரா கண்ணபிரான். பிறவிக் கண்புரைக்குக் காரணமான ஒரு ஜீன் கோளாறை 1998-ல் அமெரிக்க விஞ்ஞானிகளோடு சேர்ந்து வெளியிட்டார். பிறகு நம் நாட்டுக் குழந்தைகளின் கண் புற்றை ஆராய்ந்தார். 2003-ல் அவர் குழு வெளியிட்ட கட்டுரையில், அதற்கு முன் பதிவாகாத புதிய ஜீன் மாற்றங்களும் இருந்தன. நம் பிள்ளைகளின் ரத்தத்தில் என்ன தேடுவது என்று தெரிந்தால்தானே பரிசோதனை சரியாக அமையும்?

சகோதரிகளே, எல்லாவற்றையும் கேட்ட பிறகு எனக்குப் புரிந்தது இதுதான். யாரைப் பரிசோதிக்க வேண்டும் என்று சொல்வதற்குத்தான் ஜீன் ஆராய்ச்சி. யாரைப் பழிக்கலாம் என்று சொல்வதற்கு அல்ல. இந்த நோய் வந்த பத்துக் குழந்தைகளில் ஏறக்குறைய ஒருவருக்குத்தான் குடும்பத்தில் முன்பே இருந்திருக்கிறது. மற்றவர்களுக்கு அந்தக் குடும்பத்தில் அதுவே முதல் தடவை. கர்ப்பத்தில் கிரகணம் பார்த்ததால் வந்ததில்லை. பப்பாளி தின்றதால் வந்ததில்லை.

நீங்கள் செய்ய வேண்டியவை இவை:

குழந்தையின் கருவிழி நடுவில் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ மின்னினால், மாறுகண் தெரிந்தால், உடனே கண் டாக்டரிடம் காட்டுங்கள். போட்டோவில் ஒரு கண் சிவப்பாகவும் ஒரு கண் வெள்ளையாகவும் விழுந்தாலும் அப்படியே. எல்லா வெள்ளையும் புற்று அல்ல, கண்புரையாகவும் இருக்கலாம். ஆனால் அதைச் சொல்ல வேண்டியவர் டாக்டர்தான். நாம் இல்லை.

இந்த நோய் பெரும்பாலும் 5 வயதுக்குள் வருகிறது. சீக்கிரம் கண்டுபிடித்தால் உயிரோடு கண்ணையும் காப்பாற்ற வழி உண்டு. லேசர், குளிர் சிகிச்சை, மருந்து என்று பல முறைகள் இருக்கின்றன.

ஒரு குழந்தைக்கு வந்துவிட்டால் கூடப்பிறந்தவர்களின் கண்ணையும் காட்டுங்கள். ஜீன் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். இரண்டு கண்ணிலும் வந்தால் பரம்பரை வகை. ஒரே கண்ணில் வந்தவர்களிலும் நூற்றுக்குச் சுமார் 15 பேருக்கு அந்த வகை உண்டு. அப்படிப்பட்டவர்களுக்குப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் அந்தக் கோளாறு போய்ச் சேர சரிபாதி வாய்ப்பு. ஆகவே அந்தக் குழந்தைகளைப் பிறந்த நாள்முதல் கவனிக்க வேண்டும்.

எங்கள் தெருக் குழந்தைக்கு ரத்தத்தில் அந்தக் கோளாறு தென்படவில்லை. அண்ணன் கண்ணும் நன்றாக இருக்கிறது. இருந்தாலும் டாக்டர் சொன்ன தேதி தவறாமல் குழந்தையைக் காட்டுகிறார்கள். போன தடவை குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறியது யார் தெரியுமா? மாமியாரேதான்! மருமகளிடம் மன்னிப்பு என்றெல்லாம் கேட்கவில்லை. "நீ நெய்யற வேலையைப் பாரு, நான் போயிட்டு வரேன்" என்றார். அவ்வளவுதான். அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது.

செயற்கைக் கண் பொருத்திய அந்தக் குட்டி, இப்போது ஒற்றைக் கண்ணாலேயே பாவில் அறுந்த இழையைக் காட்டிக் கொடுக்கிறதாம்! இன்றைக்கு உங்கள் வீட்டுக் குழந்தைகளின் போட்டோக்களை ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். நான் செய்த தவற்றை நீங்கள் செய்யாதீர்கள்.