வாறவைக்கு வான், எங்களுக்கு பஸ்ஸா?

"யாழ்ப்பாணத்துக்கு எப்படி வாறது?" எண்டு வெளிநாட்டில இருக்கிற சொந்தக்காரர் கேட்டால், சொல்லுறதுக்கு இப்ப கனக்க விடை இருக்கு. 1990இல் நின்றுபோன யாழ்தேவி 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்துக்குத் திரும்ப வந்தது. 2019இல் பலாலி சர்வதேச விமான நிலையமானது. நாகபட்டினம் - காங்கேசன்துறைக் கப்பல் 2023 ஒக்ரோபரில் தொடங்கி, சில நாளிலேயே நின்று, 2024 ஓகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கியது. 2006இல் ஏ9 பாதை மூடப்பட்டபோது விமானத்தையும் திருகோணமலைக் கப்பலையும் நம்பியிருந்த ஊருக்கு இதெல்லாம் சின்ன விசயமில்லை.

ஆனால் அடுத்த கேள்வி இருக்கு: "வந்தாப்பிறகு எப்படிச் சுத்துறது?" இதுக்குப் பெரும்பாலும் ஒரே பதில்தான்: "வான் பிடிச்சுத் தாறம்."

காலமை நல்லூர், பிறகு கோட்டை, பிறகு பண்ணைப் பாலத்தால தீவுப்பக்கம். கோட்டைக்குக் கிட்டத்தான் குருநகர் இறங்குதுறை. வான் அங்க திரும்பாது. வான்காரரோடு எங்களுக்குக் கோபமில்லை. வயதான அம்மம்மாவைக் கூட்டிக்கொண்டு திரியிறவைக்கு வான் வேணும்தான். ஆனால் காசு உள்ள ஆக்கள் எல்லாரும் வானில போனால், பஸ் ஒழுங்கா ஓடவேணும் எண்டு ஆர் கேக்கிறது?

குறிகாட்டுவானுக்கு பஸ் போகுது. அங்கயிருந்து நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகு. இதில வாறவை ஒண்டை விளங்கவேணும்: நெடுந்தீவுப் படகு உல்லாசப் படகு இல்லை. ஆசிரியர், நோயாளி, அரிசி மூட்டை எல்லாம் போற பாதை அது. 1985 மே 15இல் நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகில் 30க்கும் மேற்பட்ட பயணிகள் கொல்லப்பட்டார்கள். தீவுச் சனத்துக்கு அந்தக் கடற்பயணம் என்னவெண்டு அதிலயே விளங்கும்.

நாங்கள் கேக்கிறது மூண்டு.

ஒண்டு, பஸ், படகு நேரங்களை யாழ் பஸ் நிலையத்திலும் ரயில் நிலையத்திலும் காங்கேசன்துறையிலும் குறிகாட்டுவானிலும் மூன்று மொழியிலும் எழுதிப் போடவேணும். வாறவைக்கு எண்டு எழுதினாலும், முதல்ல பயன்படப்போறது எங்களுக்குத்தான்.

இரண்டு, தீவுப் படகில் இடம் முதலில் தீவு ஆக்களுக்கு. லீவு நாளில் சுற்றுலாவுக்கு வாறவைக்குத் தனிப்படகு விடட்டும்.

மூண்டு, குருநகரிலிருந்து கடல்நீரேரியில் சுற்றிக்காட்டும் படகுகள். பதிவு, உயிர்காப்பு அங்கி, எழுதிப்போட்ட கட்டணம் மூண்டும் இருக்கவேணும்; நடத்துறது வெளிக் கொம்பனி இல்லை, ஊர்க் கடற்றொழிலாளர் சங்கமாக இருக்கவேணும். இழுவைப்படகுகளால வலையும் மீனும் இழந்து நிக்கிற குடும்பங்களுக்கு இது மேலதிக வருமானம். ஆனால் தொழிலுக்குப் போற நேரத்தையும் வலை கிடக்கிற இடத்தையும் அவையே தீர்மானிக்கட்டும்.

விடுமுறைக்கு வரப்போற மச்சான்மார், மச்சாள்மாருக்கு ஒரு சொல்லு: ஒரு நாளாவது வானை விட்டிட்டு பஸ்ஸில ஏறுங்கோ. அது பிந்தி வந்தால் எங்களோட சேர்ந்து நீங்களும் கேளுங்கோ.