சப் வூபரில் சத்தம் போதவில்லையா? புதிது வாங்க முன் கொஞ்சம் பொறுங்கள்!



சென்ற இதழ்களில் வாகனத்தின் எஞ்சின், பிரேக் என்று பார்த்தோம். இம்மாதம் டிக்கியிலோ பின் சீட்டுக்கு அடியிலோ இருக்கும் ஒரு பெட்டியைப் பற்றிக் கதைப்போம். ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா பக்கம் ஹயர் ஓடும் வேன்கள் பலவற்றில் சப் வூபர் பூட்டியிருக்கிறார்கள். ஏப்ரல் மாத வசந்த காலம், சிவனொளிபாத மலைப் பருவம், பெருநாள் விடுமுறை என்று பயணக் கூட்டம் வரும்போது நல்ல பாட்டுச் செட் உள்ள வேனைத்தான் இளைஞர்கள் தேடுகிறார்கள். ஆகவே, "போட்ட காசுக்குச் சத்தம் இல்லையே!" என்ற கவலை அந்த வேன்காரருக்கு வெறும் பொழுதுபோக்குக் கவலை அல்ல, தொழில் கவலை.

கடையில் போய்க் கேட்டால், "இது சின்னது, பெரிசு ஒன்று போடுங்கள்" என்பதுதான் பெரும்பாலும் கிடைக்கும் பதில். வீட்டில் மகன் கேட்பதும் அதையேதான். காசைக் கொடுக்கும் முன் ஒரு கணக்கை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அம்ப்ளிபயரின் வாட்ஸை இரு மடங்காக்கினால் ஒலி இரு மடங்காகாது. 3 டெசிபல்தான் கூடும். கவனித்துக் கேட்டால் "கொஞ்சம் கூடியிருக்கிறது" என்று சொல்லலாம், அவ்வளவே. 10 டெசிபல் கூட வேண்டுமென்றால் பத்து மடங்கு வாட்ஸ் தேவை. ஆனால், மாற்றிப் பூட்டிய ஒரு வயரைச் சரியாகப் பூட்டினால் அதைவிடப் பெரிய வித்தியாசம் வரலாம். அதற்குச் செலவு ஒரு சதமும் இல்லை. தோட்டத்தில் 2024ஆம் ஆண்டு நிர்ணயிக்கப்பட்ட அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா. ஒரு புதிய அம்ப்ளிபயரின் விலை எத்தனை நாள் கொழுந்து என்பதை நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.

எனவே செலவில்லாத சோதனையிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

உண்மையில் குறைதானா?

முதலில் நம் காதைக் கேட்போம். மனிதக் காதுக்குத் தாழ்ந்த மீடிறன் ஒலிகள் இலகுவில் கேட்பதில்லை. 1933ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த பிளெட்சர், மன்சன் என்ற இருவர் இதை அளந்து வெளியிட்டார்கள். செட்டை மெதுவாக வைத்துக் கேட்டால் மற்ற ஒலிகளைவிடப் பேஸ்தான் அதிகமாக மறைந்து போகும். இது இயற்கை.

எதைக் கேட்கிறோம் என்பதும் முக்கியம். ஆண் குரலின் அடிப்படை மீடிறன் ஏறத்தாழ 85 ஹெர்ட்ஸிலிருந்து தொடங்குகிறது. சப் வூபரோ பெரும்பாலும் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழேதான் வேலை செய்யும்படி வைக்கப்படுகிறது. ஆகவே பயான் கேட்கும்போதும் கிராஅத் கேட்கும்போதும் சப் வூபர் பேசாமல் இருந்தால் அது பழுதல்ல. பழைய பாடல்கள் பலவற்றிலும் அவ்வளவு ஆழமான பேஸ் இல்லை. வேறொரு வாகனத்தில் நன்றாகப் பேஸ் கேட்ட அதே பாட்டைப் போட்டுத்தான் சோதிக்க வேண்டும்.

மலையகத்துக்கே உரிய இன்னொரு காரணமும் உண்டு. கொழும்பிலிருந்து அவிசாவளை, கித்துல்கலை, கினிகத்தேனை வழியாக ஏறி வரும்போது காது அடைக்கும். நுவரெலியாவின் உயரம் 1,868 மீற்றர். வெளியே காற்றமுக்கம் குறையக் குறைய, காதின் உட்பக்கத்து அமுக்கம் செவிப்பறையை வெளியே தள்ளி இறுக்குகிறது. அந்நேரம் பேஸ் மங்கித்தான் கேட்கும். எச்சிலை விழுங்குங்கள், அல்லது கொட்டாவி விடுங்கள். காது திறந்த பின் முடிவு செய்யுங்கள். மெல்லிய காற்றால் சப் வூபரின் ஒலியும் சிறிது குறையும் என்பது உண்மை. நுவரெலியாவில் காற்றமுக்கம் கடல் மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஆனால் அதனால் வரும் இழப்பு ஏறத்தாழ 2 டெசிபல்தான். பேஸே இல்லை என்று சொல்லுமளவுக்குக் குறைந்திருந்தால் பழியை மலைமீது போட முடியாது.

செட்டையும் குமிழ்களையும் பாருங்கள்

2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இல்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பழைய வேன்களும் கார்களும்தான் கை மாறிக்கொண்டிருந்தன. ஆகவே உங்கள் வாகனத்தில் இருக்கும் வயரிங் யாரோ ஒருவர், எப்போதோ செய்ததாக இருக்கலாம். ஜப்பானிலிருந்து வந்த செட் என்றால் அதன் மெனு ஜப்பானிய எழுத்திலேயே இருக்கலாம். அதற்குள் சப் வூபர் 'ஓஃப்' செய்யப்பட்டிருப்பது தெரியாமலே வருடக்கணக்கில் ஓடுபவர்கள் இருக்கிறார்கள். கையில் உள்ள போனால் படம் பிடித்து மொழிபெயர்த்துப் பாருங்கள். சப் வூபர் 'ஓன்' ஆக இருக்கிறதா, அதன் அளவு பூச்சியத்துக்குக் கீழே இறக்கப்பட்டிருக்கிறதா என்று கவனியுங்கள். பின்பக்க ஸ்பீக்கருக்கான துவாரத்திலிருந்து சப் வூபருக்கு வயர் எடுத்திருந்தால், ஒலியை முன்பக்கம் தள்ளி வைத்தாலே சப் வூபர் அடங்கிப் போகும். போனிலிருந்து பாட்டுப் போடுபவர்கள் போனின் சத்தத்தையும் கூட்டி வைக்க வேண்டும்.

அடுத்து அம்ப்ளிபயரில் உள்ள சிறிய சுவிட்சைப் பாருங்கள். எல்.பி.எப்., எச்.பி.எப். என்று இரண்டு இருக்கும். எல்.பி.எப். தாழ்ந்த ஒலியை விட்டு மற்றதைத் தடுப்பது, எச்.பி.எப். அதற்கு நேர்மாறு. சப் வூபருக்கு எல்.பி.எப். இருக்க வேண்டும், 80 ஹெர்ட்ஸ் அளவில் வையுங்கள். தவறுதலாக எச்.பி.எப். பக்கம் தள்ளப்பட்டிருந்தால் எத்தனை வாட்ஸ் போட்டும் பயனில்லை.

'கெயின்' என்ற குமிழ் சத்தக் குமிழ் அல்ல. செட்டிலிருந்து வரும் சிக்னலுக்கு அம்ப்ளிபயரைப் பொருத்துவதுதான் அதன் வேலை. அதை அளந்து வைக்க ஒரு வழி உண்டு. வாட்ஸை ஓமால் பெருக்கி அதன் வர்க்கமூலத்தை எடுங்கள். சப் வூபர் 100 வாட்ஸ், 4 ஓம் என்றால் 400, வர்க்கமூலம் 20. சப் வூபர் வயரைக் கழற்றி, பேஸ் பூஸ்டைப் பூச்சியமாக்கி, 50 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியைச் செட்டின் முக்கால் அளவு சத்தத்தில் போடுங்கள். அம்ப்ளிபயரின் வெளியீட்டில் மல்டிமீட்டரை ஏ.சி. வோல்டில் வைத்து, 20 வோல்ட் காட்டும்வரை கெயினை மெதுவாகக் கூட்டுங்கள். அங்கே நிறுத்துங்கள். அதற்கு மேல் போனால் ஒலி கிழியும், காயிலும் கருகும்.

பழுது செட்டிலா, அம்ப்ளிபயரிலா என்று தெரியவில்லையா? செட்டின் ஆர்.சி.ஏ. வயரைக் கழற்றிவிட்டு, போனிலிருந்து நேராக அம்ப்ளிபயருக்கு ஒரு வயர் கொடுத்துப் பாருங்கள். முதலில் போனின் சத்தம் குறைவாக இருக்கட்டும். இப்போது நன்றாகக் கேட்டால் பழுது செட்டிலோ இடையில் உள்ள வயரிலோ இருக்கிறது.

கூட்டலும் கழித்தலும்

இலவசமாகத் திருத்தக்கூடிய பெரும் பழுது இதுதான். சப் வூபரின் கூட்டல், கழித்தல் வயர்கள் மாறியிருந்தால், கதவிலுள்ள ஸ்பீக்கர்கள் காற்றை முன்னே தள்ளும்போது சப் வூபர் பின்னே இழுக்கும். ஒன்றையொன்று அழித்துவிடும். இரண்டு சப் வூபர் இருந்து ஒன்று மட்டும் மாறியிருந்தால் பேஸ் ஏறக்குறையக் காணாமலே போகும். சந்தேகமிருந்தால் சப் வூபரின் இரு வயர்களையும் மாற்றிப் பூட்டிக் கேளுங்கள். எது கூடக் கேட்கிறதோ அதுவே உங்கள் வாகனத்துக்குச் சரி.

எது கூட்டல் என்று தெரியாவிட்டால், அம்ப்ளிபயரிலிருந்து கழற்றிய வயர்களில் ஒன்றரை வோல்ட் டோர்ச் பெட்டரியை ஒரு கணம் தொட்டு எடுங்கள். கோன் வெளியே வந்தால் பெட்டரியின் கூட்டல் முனை தொட்ட வயரே கூட்டல்.

சில சப் வூபர்களில் இரண்டு காயில் இருக்கும். அதில் ஒன்றை மட்டும் பூட்டி மற்றதை விட்டுவிட்டால் சத்தம் குறையும். ஒரு காயில் தலைகீழாகப் பூட்டப்பட்டிருந்தால் கோன் அசையவே அசையாது. தலா 4 ஓம் உள்ள இரு காயில்களையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பூட்டினால் 8 ஓம். பக்கம் பக்கமாகப் பூட்டினால் 2 ஓம். 2 ஓமில் 200 வாட்ஸ் தரும் அம்ப்ளிபயர் 8 ஓமில் ஏறத்தாழ 50 வாட்ஸ்தான் தரும். ஆனால் அம்ப்ளிபயரில் எழுதியிருக்கும் ஓம் அளவுக்குக் கீழே ஒருபோதும் போகாதீர்கள், எரிந்துவிடும். 4 ஓம் காயிலை மல்டிமீட்டரால் அளந்தால் மூன்றரை ஓம் அளவில் காட்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் காயில் போய்விட்டது. அப்போதுதான் புதியதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

மின்சாரம் போய்ச் சேருகிறதா?

எஞ்சின் ஓடும்போது பெட்டரியில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை இருக்க வேண்டும். பாட்டைச் சத்தமாக வைத்து, பெட்டரியிலும் அம்ப்ளிபயரிலும் வோல்டை அளந்து பாருங்கள். வித்தியாசம் அரை வோல்டுக்கு மேல் என்றால் வழியில் மின்சாரம் வீணாகிறது. வயர் மெல்லியதாக இருக்கலாம். அல்லது செப்பு முலாம் பூசிய அலுமினிய வயராக இருக்கலாம். அது அதே பருமனுள்ள செப்பு வயரைவிடக் குறைவாகவே மின்சாரத்தைக் கடத்தும்.

நம் பக்கத்தில் முதலில் சந்தேகப்பட வேண்டியது எர்த் வயரைத்தான். வட்டவளை இலங்கையிலேயே அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று. மழையும் மூடுபனியும் சேர்ந்து எர்த் போல்டைத் துருப்பிடிக்க வைத்துவிடும். போல்டைக் கழற்றி, அடியில் உள்ள பெயின்டையும் துருவையும் உப்புத்தாளால் சுரண்டி, தகரம் பளிச்சென்று தெரிந்த பின் இறுக்கமாகப் பூட்டி, மேலே கொஞ்சம் கிரீஸ் பூசுங்கள். எர்த் வயர் குட்டையாக இருக்க வேண்டும். ஒன்றரை அடிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு கண்டிப்பான எச்சரிக்கை. பெட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் ஒரு பியூஸ் இருந்தே ஆக வேண்டும். பியூஸ் அடிக்கடி போகிறது என்பதற்காகப் பெரிய பியூஸையோ சிகரட் பெட்டியின் ஈயத் தாளையோ வைப்பவர்கள் வேனுக்கே தீ வைக்கிறார்கள். அந்த வேனில்தான் நம் பிள்ளைகள் பாடசாலைக்குப் போகிறார்கள். வயர் வேலையில் கை வைக்கும் முன் பெட்டரியின் கழித்தல் முனையைக் கழற்றிவிடுங்கள்.

பெட்டியும் இடமும்

கோனின் முன்பக்கமும் பின்பக்கமும் எதிரெதிரான ஒலியைத் தருகின்றன. அவற்றைப் பிரித்து வைப்பதுதான் பெட்டியின் வேலை. ஈரத்தில் பலகை ஊதி மூட்டு விட்டிருந்தால் பேஸ் அந்த இடைவெளியில் கசிந்துவிடும். பாட்டு ஓடும்போது மூட்டுகளின் அருகே கையை வைத்துப் பாருங்கள்; காற்றுத் தட்டினால் உள்ளிருந்து சிலிக்கோன் பூசி அடையுங்கள். பெட்டியிலேயே ஒரு துவாரம் வைத்துச் செய்திருந்தால் அதை மட்டும் அடைக்காதீர்கள்.

பிறகு பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். முன்னோக்கி இருந்ததைப் பின் கதவை நோக்கி வையுங்கள், மூலைக்குத் தள்ளுங்கள். டிக்கி தனியாக உள்ள கார்களில் பின் சீட்டை மடித்துக் கேளுங்கள். இடம் மாற்றுவதாலேயே நன்கு தெரியும் மாற்றம் வரலாம். நுவரெலியாவின் தை மாதக் காலைக் குளிரில் கோனைச் சுற்றியுள்ள இறப்பர் விறைத்திருக்கும். சில நிமிடம் மெதுவாக ஓடவிட்டுப் பிறகு கூட்டுங்கள்.

சத்தம் வந்துவிட்டது, எவ்வளவு வைப்பது?

இவ்வளவும் செய்த பின் பெரும்பாலான சப் வூபர்கள் பேசத் தொடங்கிவிடும். சத்தத்தின் அளவையும் இப்போதே தீர்மானித்துக்கொள்ளுங்கள். 85 டெசிபல் ஒலியை ஒரு நாளைக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் கேட்கக்கூடாது என்பது அமெரிக்காவின் தேசிய தொழிற் பாதுகாப்பு, சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபல் என்றால் கால் மணி நேரம்தான். இழந்த கேள்வியை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

ஹட்டன் பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் மூடுபனி இறங்கும்போது எதிரே வரும் பஸ்ஸைக் கண்ணுக்கு முன் காதுதான் கண்டுகொள்கிறது. வளைவுக்கு முன் அதன் ஹோர்ன் உங்களுக்குக் கேட்க வேண்டும். பனி இறங்கியதும் செட்டைக் குறைத்துவிடுங்கள். அதேபோல, லயன் வீடுகளுக்குச் சுவர் ஒன்றுதான். பேஸ் ஒலி சுவரைத் தாண்டிப் போகும். இரவில் வேனை நிறுத்தும்போது பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையையும், காய்ச்சலில் படுத்திருக்கும் பெரியவரையும், தூளியில் உறங்கும் குழந்தையையும் நினைத்து, லயனுக்குத் திரும்பும் பாதையிலேயே செட்டை நிறுத்திவிடுங்கள்.